ஒரு சதப் பண்டமும் ஒரு நகரின் மீட்சியும்

ஒரு நகரின் வரலாற்றை அதன் கோட்டைகளிலும் கல்வெட்டுக்களிலும் தேடுவது அறிஞர் வழக்கம். அடுப்படியில் தேடுவோர் சிலரே. ஆயினும், கோட்டையும் கோயிலும் ஒரே நொடியில் அழிந்துபோன நகரொன்றின் பழங்கதையை அறிய விரும்புவோர் அதன் அடுப்படியையும் நாடவே வேண்டும். யப்பான் தேசத்து ஹிரோஷிமா அத்தகைய நகரம். அந்நகரத்தார் தமக்கே உரியதெனப் பெருமையோடு கூறும் ஒக்கொனோமியாக்கி என்னும் உணவின் வரலாற்றை இன்று நோக்குவோம், நேயர்களே.

‘ஒக்கொனோமி’ என்றால் விருப்பம்போல் என்பது பொருள். ‘யாக்கி’ என்றால் சுட்டது. விரும்பியதை இட்டுச் சுட்ட பண்டம் என்க. ஆனால் ஹிரோஷிமாவில் இது பரவிய காலத்தில் விரும்பியதைப் பெறும் வசதி எவருக்கும் இருக்கவில்லை. கிடைத்ததை இட்டுச் சுட்டார்கள் என்பதே உண்மை.

அணுகுண்டின் சாம்பலிலிருந்தே இவ்வுணவு பிறந்தது என்று பலரும் சொல்வர். அது முழு உண்மையன்று. போருக்கு முன்னரே யப்பானிய நகரங்களின் மிட்டாய்க் கடைகளில் ‘இஸ்ஸென் யோஷொக்கு’ என்றொரு தின்பண்டம் விற்கப்பட்டது. சென் என்பது யென் நாணயத்தின் நூற்றிலொரு பங்கு. நமது சதம் போன்றது. ஆகவே, ‘ஒரு சதத்து மேனாட்டு உணவு’ என அப்பெயரைத் தமிழாக்கலாம். கோதுமை மாவை நீரிற் கரைத்து, தோசைபோல் மெல்லியதாக வார்த்து, நாம் மாசி என்று வழங்குவதை ஒத்த உலர்மீன் தூளையும் சிறிது வெங்காயத்தாளையும் தூவி, மடித்துச் சோஸ் தடவிக் கொடுப்பார்கள். மேனாட்டுச் சோஸ் பட்டதனாலேயே அதற்கு மேனாட்டு உணவென்னும் பட்டம் கிடைத்தது. சிறுவர் கையிலிருந்த சில்லறைக்கு ஏற்ற பண்டம் அது.

அச்சிறுவர் வாழ்ந்த ஹிரோஷிமா எத்தகையது? 1589ஆம் ஆண்டில் மோரி தெருமொத்தோ என்னும் பிரபு ஆற்றின் கழிமுகத்திற் கோட்டை கட்டத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த ஊர் அது. 1894இல் சீனத்தோடு போர் மூண்டபோது சக்கரவர்த்தி மெய்ஜி தமது போர்த் தலைமையகத்தையே அங்கு மாற்றினார். அதன் பின் அது படை நகரமாகவே விளங்கிற்று. உஜினாத் துறைமுகத்திலிருந்து சேனைகள் அயல்நாடுகளுக்குக் கப்பலேறின. இதனையும் மறவாது கூறுதலே நேர்மையான வரலாறாகும்.

1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 6ஆந் தேதி காலை 8.15 மணிக்கு அந்நகரின் மீது அணுகுண்டு வெடித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் இறந்தோர் ஏறத்தாழ 1,40,000 பேர் என மதிப்பிடப்படுகிறது. அன்று காலை, தீ பரவாதிருக்க வீடுகளை இடித்து வெளியாக்கும் வேலைக்கெனப் பாடசாலை மாணவர்கள் பலர் நகர் நடுவே நிறுத்தப்பட்டிருந்தனர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் அவர்களுட் பலர். ஆயிரக்கணக்கில் அவர்கள் மடிந்தனர். ஒரு சதப் பண்டத்தைத் தின்று வளர்ந்த தலைமுறை அது.

எஞ்சியோரைப் பசி வாட்டியது. அவ்வாண்டு யப்பானில் நெல் விளைவு மிகக் குன்றியது. கொரியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்த அரிசி நின்றது. கடல் கடந்த நாடுகளிலிருந்து படைவீரரும் குடியேறியோருமாக இலட்சக்கணக்கானோர் திரும்பி வந்தனர். செப்டெம்பர் 17இல் வீசிய பெரும் புயலும் ஹிரோஷிமாவை வெள்ளத்தில் ஆழ்த்தியது. அரிசியையே உயிராகக் கருதிய மக்கள், அமெரிக்காவிலிருந்து உதவியாக வந்த கோதுமை மாவை ஏற்க வேண்டியவராயினர். குண்டு வீசிய நாட்டின் மாவைக் கொண்டே குண்டுக்குத் தப்பியோர் உயிர் வளர்த்தனர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அப்போது பலருக்கும் நினைவுக்கு வந்தது அந்தப் பழைய சிறுவர் பண்டமே. கப்பற் பட்டறைகளிலும் இடிபாடுகளிலும் கிடைத்த இரும்புத் தகடுகளை அடுப்பின்மேல் வைத்துச் சுட்டார்கள் என்று அவ்வூரார் சொல்வர். ஆனால் மெல்லிய மா அப்பம் சிறுவரின் ஆசையைத் தீர்க்குமேயன்றி, உழைப்பாளியின் வயிற்றை நிரப்பாது. எனவே வெங்காயத்தாளுக்குப் பதிலாகக் கோவா இலை குவியலாக ஏறியது. பயற்று முளை சேர்ந்தது. காலப்போக்கில் பன்றியிறைச்சித் துண்டு, நூடில்ஸ், முட்டை என ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகள் உயர்ந்தன. ஒசாகா நகரத்தார் எல்லாவற்றையும் மாவோடு கலந்தே சுடுவர். ஹிரோஷிமாக்காரர் கலப்பதில்லை, அடுக்குவர். அந்த அடுக்குகளை எண்ணிப் பார்த்தால், வறுமை படிப்படியாக நீங்கிய கதையை அதிற் காணலாம்.

சோஸின் கதையும் இதனோடு பிணைந்ததே. 1922இல் சோயா சோஸும் மதுவும் விற்கத் தொடங்கி, 1938 முதல் வினாகிரி செய்துவந்த சிறு நிறுவனம் ஒன்று அந்நகரில் இருந்தது. மேனாட்டுச் சோஸ் நீர்த்திருப்பதால் தகட்டில் வழிந்தோடிக் கருகுகிறது என்ற தெருக் கடைக்காரரின் குறையைக் கேட்டு, 1952இல் அது கெட்டியான, இனிப்புச் சேர்ந்த சோஸை ஆக்கிற்று. ஒத்தாஃபுக்கு என்னும் அப்பெயரை இன்று யப்பானெங்கும் அறிவர்.

கணவரை இழந்த பெண்கள் பலர் தம் வீட்டின் முன்னறையில் தகடொன்றை அமைத்து, இப்பண்டத்தைச் சுட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தனர். கடைகளுக்கு மிச்சான் முதலிய செல்லப் பெயர்கள் அமைந்தன. பெயருக்குப் பின் வரும் ‘சான்’ என்னும் விகுதி அன்புக்கு அடையாளம். காணாமற்போன உறவினர் என்றேனும் திரும்பினால் பெயரைக் கண்டு அடையாளம் அறியட்டும் என்றே அவ்வாறு வைத்தனர் எனச் செவிவழிச் செய்தியொன்று உண்டு. எல்லாக் கடைக்கும் அது பொருந்தாதிருக்கலாம். ஆனால் அவ்வூரார் அதனைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகின்றனர் என்பதே கருதத் தக்கது.

இனி, இவ்வுணவை எங்கே உண்பது? குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் கிழக்கே ஷின்தெஞ்சி என்னும் பகுதி உளது. போருக்குப் பின் தள்ளுவண்டிக் கடைகள் மாலைதோறும் கூடிய இடம் அது. அக்கடைகள் 1960களிற் கூரையின் கீழ் ஒன்றுசேர்ந்தன. 1992இல் எழுந்த மாடிக் கட்டிடத்தில், ஒக்கொனோமிமுரா, அதாவது ஒக்கொனோமிக் கிராமம், என்னும் பெயரோடு இருபதுக்கு மேற்பட்ட கடைகளாக விளங்குகின்றன. தகட்டின் முன்னேயே அமர்ந்து, ஹெரா எனப்படும் சிறு தட்டகப்பையால் வெட்டி, ஆவி பறக்க உண்பதே அங்கு முறை. அருகூர்களிலும் வேறுபாடுகள் உண்டு. குரேயில் அரைவட்டமாக மடித்துத் தருவர். ஒனொமிச்சியிற் கோழியின் இரைப்பையை இடுவர். ஃபுச்சுவில் அரைத்த இறைச்சியைச் சேர்ப்பர்.

எனினும், பழமையின் சுவையை நாடுவோர் பெருங் கட்டிடங்களோடு நின்றுவிடலாகாது. குடியிருப்புத் தெருக்களில், முதிய பெண்ணொருத்தி தனியே நடத்தும் நாலைந்து இருக்கைக் கடைகளையும் தேட வேண்டும். அத்தகைய கடைகள் ஆண்டுக்காண்டு மூடப்பட்டு வருகின்றன. நடத்துவோர் மூப்படைகின்றனர், பிள்ளைகள் வேறு தொழில் நாடுகின்றனர். சமாதானப் பூங்காவிலுள்ள நினைவுச் சின்னங்களை அரசு காக்கும். ஓர் எளிய கடையின் தகட்டைக் காப்பவர், அங்கு சென்று பசியாறுபவரே ஆவர்.