ரோஸ் தீவில் பிரித்த வாக்கியம்

1882இல் லண்டன் பிலாலஜிக்கல் சொசைட்டியின் தலைவர் அலெக்சாண்டர் ஜான் எல்லிஸ், தெற்கு அந்தமான் மொழியைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றைக் கழகத்தின் முன் வைத்தார். (தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இல் காட்டிய எஃப். டபிள்யூ. எல்லிஸ் வேறு, இவர் வேறு.) தீவுகளில் பணியாற்றிய ஈ. ஹெச். மேன், ரிச்சர்ட் டெம்பிள் இருவரும் சேர்த்த குறிப்புகளே அவருக்கு அடிப்படை. அந்தக் குறிப்புகளோடு மல்லுக்கட்டிய எல்லிஸ் ஒரு முடிவுக்கு வந்தார்: ஐரோப்பியப் பள்ளிகளில் கற்பிக்கும் சொல்வகைகளும் வேற்றுமை வாய்பாடுகளும் இந்த மொழிக்கு உதவாது; புதிய கலைச்சொற்கள் வேண்டும், அதற்கு முன் புதிய இலக்கணக் கருத்துகளே வேண்டும்; இல்லாவிட்டால் அந்தமான் மொழியை அல்ல, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான் விவரித்துக்கொண்டிருப்போம். டெம்பிள் இதைத் தமக்கு விடப்பட்ட அறைகூவலாக எடுத்துக்கொண்டார். மறு ஆண்டே, எல்லா மொழிக்கும் பொதுவான இலக்கணக் கொள்கை ஒன்றைச் சுருக்கமாக எழுதி அச்சிட்டார். 1894இல் தீவுகளின் தலைமை ஆணையராகி ரோஸ் தீவில் குடியேறிய பிறகு, அந்தக் கொள்கையை உள்ளூர் மொழிகளின் மேல் வைத்துச் சோதித்தார். இன்று அதிகம் பேர் புரட்டாத அந்தப் பக்கங்களை நாம் படிக்கக் காரணம் உண்டு. ஒரு கணினிக்கு எளிய ஆங்கில வாக்கியத்தைப் பிரிக்கக் கற்றுக்கொடுப்பவர் முதலில் சந்திக்கும் கேள்வியை, கணினி பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்தமான் மொழிகள் கேட்டுவிட்டன. அதற்குக் கிடைத்த பதில் எதுவரை தாங்கும், எங்கே முறியும் என்பதையும் அவையே காட்டிவிட்டன.

அந்தக் கேள்வியை அருகிலிருந்து பார்ப்போம். ‘த ஓல்ட் மேன் காட் அ ஃபிஷ்’: கிழவர் ஒரு மீனைப் பிடித்தார். ஆறு சொல், பள்ளிப் பிள்ளைக்கே எளிது. கணினி இதைப் படிக்கும்போது முதலில் ஒவ்வொரு சொல்லையும் தன் அகராதியில் தேடுகிறது. அங்கேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. ‘மேன்’ என்றால் மனிதன். படகில் ஆளாக நின்று வேலை பார்ப்பதையும் அதே சொல் வினையாகக் குறிக்கும். ‘ஃபிஷ்’ மீனும் ஆகும், மீன்பிடித்தலும் ஆகும். ‘ஓல்ட்’ வழக்கமாக அடைமொழி. ‘த’ முன்னால் வந்தால் முதியவர்கள் என்று பெயராகவும் நிற்கும். ஆகவே ‘முதியவர்கள் ஆளாக நின்று இயக்குகிறார்கள்’ என்று தொடங்கும் ஒரு வழியும் கணினிக்குத் திறந்தே இருக்கிறது. அந்த வழியில் போனால் ‘காட்’ என்ற வினை ஒட்ட இடமில்லாமல் மிஞ்சிவிடும். உடனே அந்த வழியைக் கைவிட்டு அடுத்த வழிக்குத் திரும்ப வேண்டும். ‘ஓல்ட்’டும் ‘மேன்’னும் சேர்ந்து, முன்னால் ‘த’ ஒட்டி, ஒரு பெயர்த்தொடர். ‘அ ஃபிஷ்’ இன்னொரு பெயர்த்தொடர். ‘காட்’ பின்னதைத் தனக்குள் சேர்த்துக்கொண்டு வினைத்தொடர். முன்னதும் இதுவும் சேர்ந்து வாக்கியம். ஒரு சொல்லும் மிஞ்சவில்லை, வேலை முடிந்தது. தமிழில் இந்தத் தடுமாற்றம் குறைவு. ‘மீனை’ என்பதன் ஐ உருபே அது செயப்படுபொருள் என்று சொல்லிவிடுகிறது. ‘மீனைக் கிழவர் பிடித்தார்’ என்று மாற்றிப் போட்டாலும் பொருள் கெடுவதில்லை. ஆங்கிலச் சொல்லோ பெரும்பாலும் தன் முகத்தில் எதையும் எழுதிக்கொண்டு வருவதில்லை. வாக்கியத்தில் அது என்ன வேலை செய்கிறது என்பதை வைத்துத்தான் அது இன்ன வகை என்று தெரிகிறது. அதாவது வகையிலிருந்து வாக்கியத்துக்குப் போக முடியாது. வாக்கியத்திலிருந்துதான் வகைக்கு வர வேண்டும்.

டெம்பிள் போட்ட முதல் விதியே இதுதான். பேச்சின் அலகு சொல் அல்ல, வாக்கியம். சொற்களை அவை செய்யும் வேலையால் மட்டுமே பிரிக்க வேண்டும். பெயர்ச்சொல், வினைச்சொல் என்ற பழைய பெயர்களை அவர் ஒதுக்கி வைத்தார். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சுட்டுவது, அதை விளக்குவது, அதைப் பற்றி ஒன்றைச் சொல்லி முடிப்பது, அந்தச் சொல்முடிவுக்கு நிறம் கூட்டுவது, இணைப்பது, வாக்கியத்தின் நோக்கத்தை முன்கூட்டி அறிவிப்பது, தனித்து நின்றே முழு வாக்கியம் ஆகிவிடுவது என்று வேலைகளை வகுத்தார். மேலே பார்த்த கிழவர் வாக்கியத்தை இதில் வைத்துப் பாருங்கள். ‘த’வும் ‘ஓல்ட்’டும் விளக்குபவை, ‘மேன்’ சுட்டுவது, ‘காட்’ சொல்லி முடிப்பது, ‘ஃபிஷ்’ அதை நிறைவு செய்வது. கணினி போட்ட கிளைப்படத்துக்கும் இதற்கும் இடைவெளி மிகக் குறைவு. ஒரு மொழிக்கு இப்படிச் செய்வது பெரிதல்ல. டெம்பிள் இதையே அந்தமான் மொழிகளுக்கும், அவற்றோடு எந்த உறவும் இல்லாத, ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்த நிக்கோபாரிய மொழிக்கும் செய்து காட்டினார். அவர் மேற்பார்வையில் உருவான 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தீவுகள் தொகுதியில், தலைக்கணக்கோடு இலக்கணமும் இடம்பெற்றது.

சோதனைக்கு எடுத்துக்கொண்ட வாக்கியங்களும் மாறின. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. 1877இல் மேனும் டெம்பிளும் சேர்ந்து வெளியிட்டது, கிறிஸ்தவர்களின் கர்த்தர் ஜெபத்தின் தெற்கு அந்தமான் மொழிபெயர்ப்பு. வேறொரு மதத்தின் சிந்தனையை இந்த மொழியில் ஊற்றி, பிறகு அதையே பிரித்துப் பார்த்தால் என்ன கிடைக்கும்? ஊற்றியவரின் வாக்கிய அமைப்புதான் திரும்பக் கிடைக்கும். 1899இல் எழுதிய கட்டுரையில் டெம்பிள் எடுத்துக்கொண்டது அப்படிப்பட்டதல்ல. தீவுகளில் அதிகாரியாக இருந்த எம். வி. போர்ட்மன் அதற்கு முந்தைய ஆண்டு ஐந்து அந்தமான் மொழிகளில் பதிவு செய்து வெளியிட்ட நெருப்புக் கதை அது. கடவுள் தூங்கிக்கொண்டிருக்கிறார், லுராதுத் என்பவன் வந்து நெருப்பைத் திருடுகிறான், கடவுள் விழித்து அதே நெருப்பால் அவனைச் சுடுகிறார், கடைசியில் முன்னோர் கைக்கு நெருப்பு வந்து சேர்கிறது. தீவுக்காரர்கள் தங்களுக்காகச் சொல்லிக்கொண்ட கதை. எல்லிஸ் பயந்தது மொழிபெயர்ப்பின் நிழலுக்கு. அந்த நிழலிலிருந்து விலக எடுத்து வைத்த அடியாகவே இதை நான் பார்க்கிறேன்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். வேலையால் சொல்லை வகுப்பது டெம்பிளின் கண்டுபிடிப்பா? இல்லை. கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே பாணினி, வினையோடு ஒவ்வொரு பெயருக்கும் உள்ள உறவைக் காரகமாக வகுத்துவிட்டார். 1967இல் பீட்டர் இங்கர்மன், நிரல்மொழிகளை விவரிக்கும் பேக்கஸ் வடிவத்துக்குப் பாணினியின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று எழுதினார். அக்ஷர் பாரதி என்ற பொதுப்பெயரில் இயங்கிய இந்திய ஆய்வாளர்கள் 1995இல் பாணினிய முறையில் கணினி மொழியாய்வுக்கு ஒரு நூலே எழுதினார்கள். இரண்டாவது மறுப்பு: கணினி இலக்கணம் எழுதியவர்கள் டெம்பிளிடம் கற்றார்களா? அந்த மரபு வேறு ஊற்றுகளிலிருந்து வந்தது. 1958-59இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜெல்லிக் ஹாரிஸின் குழு, யூனிவாக் கணினியில் ஆங்கில வாக்கியங்களைப் பிரிக்கும் நிரலை எழுதியது. புனேயில் பிறந்த அரவிந்த் ஜோஷி அந்தக் குழுவில் இருந்தார். இரண்டு மறுப்பையும் ஏற்கிறேன். ஆனால் பாணினி வகுத்தது தாம் பேசிய மொழியை; ஹாரிஸ் குழு பிரித்தது தாங்கள் பேசிய மொழியை. அந்தமானில் நடந்தது, ஆய்வாளருக்கு முற்றிலும் அந்நியமான மொழி அவருடைய வகைகளையே உடைத்த கதை. தமிழுக்கு லத்தீன் சட்டையை மாட்டப் பார்த்தவர்களுக்கு எதிரே தொல்காப்பியம் நின்றது. பெயர், வினை, இடை, உரி என்று தன் பாகுபாட்டைத் தமிழே சொன்னது. அந்தமான் மொழிகளுக்கு எழுதி வைத்த இலக்கணம் இல்லை. வாக்கியங்களே வாதாட வேண்டியிருந்தது.

அந்த வாதத்தின் கூர்மையான பகுதி முன்னொட்டுகள். மேன் பதிவு செய்த தெற்கு அந்தமான் மொழியான அகா-பியாவில் ‘பேரிங்கா’ என்றால் நல்லது. ‘உன்’ என்ற முன்னொட்டோடு வந்தால் கை நல்லது, அதாவது கெட்டிக்காரர். ‘இக்’ சேர்ந்தால் கண் நல்லது, கூரிய பார்வை உள்ளவர். ‘அகா’ சேர்ந்தால் நா நல்லது, மொழிகளில் வல்லவர். ‘ஒத்’ சேர்ந்தால் தலையும் நெஞ்சும் நல்லது, ஒழுக்கமானவர். நமக்கும் கைராசி, நாவன்மை, நெஞ்சுரம் உண்டு என்று தோன்றும். ஆனால் நாம் வேண்டும்போது அவற்றை எடுத்துக்கொள்கிறோம். அங்கே இது இலக்கணம். உயிரற்ற பொருளும் தப்பாது. ‘யோப்’ என்ற ஒரே அடிச்சொல், தலை நெஞ்சுக்கு உரிய முன்னொட்டோடு பஞ்சணையின் மென்மை ஆகும். நாவின் முன்னொட்டோடு கோலின் கூர்மை ஆகும். நிமிர்ந்து நிற்பவற்றுக்கான முன்னொட்டோடு விழுந்த மரத்தின் உளுத்த தன்மை ஆகும். மொழியின் பெயரான அகா-பியாவிலேயே நா இருக்கிறது. இதைக் கணினியிடம் கொடுத்தால் கிளைப்படம் வந்துவிடும்: முன்னொட்டு, அடிச்சொல், அடைமொழி. படத்தில் பிழை இருக்காது. ஆனால் எந்த முன்னொட்டு ஏன் அங்கே வந்தது என்பதற்குப் பெயர், வினை என்ற வகைகளும் பதில் சொல்லாது, சுட்டுவது, விளக்குவது என்ற வேலைகளும் பதில் சொல்லாது. பதில் மனித உடலில் இருக்கிறது. டெம்பிளின் திட்டம் இதை ஒட்டுகளின் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்தது; எல்லா மொழிக்கும் பொருந்தும் சட்டகம் வேண்டும் என்ற ஆசைக்கு அவர் கொடுத்த விலை அது. மேன் வரிசை வரிசையாகத் தந்த எடுத்துக்காட்டுகளின் முழுப் பொருள் நூறாண்டு கழித்தே வெளிப்பட்டது. அகா-பியாவின் உறவு மொழிகளான பெரும் அந்தமானிய மொழிகளின் கடைசிப் பேச்சாளர்களோடு 2005 முதல் உட்கார்ந்து பதிவு செய்த மொழியியலாளர் அன்விதா அப்பி, 2013இல் வெளியிட்ட பெரும் அந்தமானிய இலக்கணத்தில், உடலின் ஏழு பகுதிப் பிரிவு பெயர், வினை, அடைமொழி எல்லாவற்றிலும் ஊடுருவி அந்த மொழியின் அச்சாக நிற்கிறது என்று காட்டினார். பொது இலக்கணம் வாக்கியத்தைப் பிரிக்கும். உள்ளிருந்து வரும் வகைகளை அது தானாகக் கண்டுபிடிக்காது.

அப்படி உள்ளே போய்ப் பார்க்க அன்றே ஆட்கள் இருந்தார்கள் என்பதுதான் நெஞ்சைக் கனக்க வைப்பது. ரோஸ் தீவின் இன்றைய பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. அன்று கைதிக் குடியேற்றத்தின் தலைமையிடம். அந்தக் குடியேற்றம் 1858இல் வந்தது, நோய்களும் கூடவே வந்தன. 1877இல் தட்டம்மை வாரிக்கொண்டு போனது. டெம்பிள் தம் 1899 கட்டுரையின் தலைப்பிலேயே இந்த மொழிகளைக் காட்டுமிராண்டிகளின் மொழிகள் என்றார். அவருடைய 1901 கணக்கின்படி பெரும் அந்தமானியர் பத்து குழுக்களும் சேர்ந்து 625 பேர். நெருப்புக் கதை பதிவான ஐந்து மொழிகளை எடுத்துக்கொண்டால் பியா 37, பலே 19, புச்சிக்வார் 50, ஜுவாய் 48, கோல் 11. மொத்தம் 165 பேர். இலக்கணமும் இந்த எண்களும் ஒரே தொகுதியில் இருக்கின்றன. கொள்கையின் பொருத்தத்தை நிறுவுவதற்குக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கை அந்த 165 பேரிடம் கேட்பதற்குச் செலவிட்டிருந்தால், அப்பி கண்டதை அன்றே அவர்கள் சொல்லியிருக்கக் கூடும். 1931இல் பெரும் அந்தமானியர் மொத்தமே 90. அதற்கு எட்டு ஆண்டு முன் மேனின் அகா-பியா அகராதி நூலாக வந்திருந்தது.

இன்றைய கணினிகளுக்கு இலக்கணமே வேண்டாமே என்று கேட்கலாம். இப்போதைய மொழி மாதிரிகள் கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்து, யாரும் விதி எழுதாமலே ஆங்கிலத்தைப் பிரிக்கின்றன. கிழவரும் மீனும் அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆங்கிலத்துக்கு இது சரி. சுமார் 29,000 பேர் பேசும் நிக்கோபாரிய மொழிகளுக்கு அந்தக் கோடிகள் எங்கிருந்து வரும்? அங்கே ஒவ்வொரு வாக்கியத்தையும் பேசுபவரோடு உட்கார்ந்து, எந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று கேட்டு எழுதுவதுதான் இன்றும் வழி. விதியின் சோதனை, சரியான வாக்கியத்தைப் பிரிப்பதில் மட்டும் இல்லை. தவறானதை மறுப்பதிலும் இருக்கிறது. இலக்கண ஆய்வாளர்கள் தவறான வாக்கியத்தின் முன் ஒரு நட்சத்திரக் குறி இடுவார்கள். ‘இப்படி நாங்கள் பேசமாட்டோம்’ என்று பேசுபவர் ஒருவர் சொன்ன பிறகுதான் அந்தக் குறியை இட முடியும். பெரும் அந்தமானிய மொழிகளில் ஒன்றான போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று இறந்தார்; அவற்றில் இன்னொன்றான சாரே மொழியின் கடைசிப் பேச்சாளரான லிச்சோ 2020 ஏப்ரலில் இறந்தார். அகா-பியாவுக்கு மேனின் பக்கங்கள் இருக்கின்றன. இன்று அவற்றை வைத்து ஒரு நிரல் எழுதி, ‘பேரிங்கா’வுக்கு முன்னால் மேன் தராத ஒரு முன்னொட்டைப் போட்டு, புதிய சொல் ஒன்றை உண்டாக்கலாம். அதற்கு முன்னால் அந்த நட்சத்திரத்தை இடுவதா வேண்டாமா என்று சொல்ல ஒருவரும் இல்லை.