ஜப்பானிய வாட்பொறிப்புகளில் பெயரின் சான்று மதிப்பு

பழைய ஜப்பானிய வாளின் பிடியைக் கழற்றினால் ‘நாககோ’ எனப்படும் அடித்தண்டு வெளிப்படும். கொல்லர் தம் பெயரை உளியால் வெட்டுவது அதில்தான். வாளின் மூலத்தைத் தேடுவோர் முதலில் படிப்பது அந்தப் பெயரை. பொறிப்பின் கூறுகளில் மிகவும் பலவீனமான சான்று அதுவே என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிஸென் நாட்டு ஒசாஃபுனேயில் ‘சுகேசதா’ என்று வெட்டியவர்கள் பலர். பதினாறாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்களுக்காக அவ்வூரில் வாள்கள் குவியல் குவியலாக அடிக்கப்பட்டன; அவற்றில் பெரும்பாலும் ஊரும் பட்டறைப் பெயரும் மட்டுமே இருக்கும். ஒருவர் பணம் கொடுத்துச் சொல்லிச் செய்த வாளில் ‘யோஸோஸாஎமோன் நோ ஜோ’ போன்ற கொல்லரின் தனிப்பெயரும் சேரும். வாளின் தரத்தையும் ஆளையும் பிரித்துக் காட்டுவது இந்தக் கூடுதல் எழுத்துகள்தான். ‘சுகேசதா’ என்பது ஏறக்குறைய பட்டறை முத்திரை.

ஊர்ப்பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. பதினேழாம் நூற்றாண்டுச் சுகேஹிரோ ‘எச்சிஸென் நோ காமி’ என்று வெட்டினார். அது எச்சிஸென் நாட்டு ஆளுநர் என்னும் வெறும் கௌரவப் பட்டம். அவர் தொழில் செய்தது ஒசாகாவில். வசிப்பிடத்தைக் குறிக்கும் ‘ஜூ’ என்ற எழுத்து ஊர்ப்பெயரை அடுத்து வந்தால் மூலம் பற்றிய கூற்று வலுப்பெறும். காலக்குறிப்பிலும் வழக்கத்தையும் உண்மைத் தகவலையும் இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும். பல வாள்களில் இரண்டாம் மாதமோ எட்டாம் மாதமோ காணப்படுவது வழக்கு மட்டுமே. அதை வைத்து வேலை முடிந்த மாதத்தைச் சொல்ல முடியாது. ஆனால் ஆட்சியாண்டுப் பெயர் பேசும். 1336 முதல் 1392 வரை ஒன்றோடொன்று போட்டியிட்ட வட, தென் அரசவைகள் தனித்தனி ஆண்டுப் பெயர்களை வைத்திருந்தன. கொல்லர் எதை வெட்டினார் என்பது அவ்வட்டாரம் யார் பக்கம் நின்றது என்பதற்கும் தடயம்.

எழுத்து எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் சான்றே. தாச்சி என்னும் வாள் வகை கூர்ப்பக்கம் கீழ்நோக்க இடுப்பில் தொங்கும். கத்தானா என்னும் வகை கூர்ப்பக்கம் மேல்நோக்கக் கச்சையில் செருகப்படும். இரண்டிலும் பெயர் வெளிப்பக்கம் அமைவது பொது விதி. ஆகவே பக்கம் மாறும். ஹிஸென் நாட்டுத் ததாயோஷி மரபினர் மட்டும் நீண்ட கத்தானாவிலும் தாச்சிப் பக்கத்திலேயே வெட்டினர். ‘சரியான’ பக்கத்தில் ததாயோஷி என்றிருக்கும் கத்தானாவே ஐயத்துக்குரியது! பெயரை மட்டும் பார்த்தெழுதிய போலிக் கொல்லர்கள் இங்குதான் அகப்படுகிறார்கள்.

பெயரை விட்டு, எஃகின் இழையோட்டத்தையும் கூர்விளிம்பின் வெண்கோட்டையும் மட்டும் நம்பலாம் என்பர் சிலர். அவை பாணி மரபைக் காட்டும், ஊரைக் காட்டா. பதினான்காம் நூற்றாண்டில் பிஸென் கொல்லர்களே ஸோஷூ என்னும் வேறொரு நாட்டின் பாணியை எடுத்துக்கொண்டார்கள். நீளம் குறைக்கையில் அடித்தண்டும் எழுத்தும் வெட்டப்பட்டுப் போன வாள்களில், ஹோன்ஆமி குடும்ப மதிப்பீட்டாளர்கள் இத்தகைய அடையாளங்களைக் கொண்டு கணித்துப் பொன்னால் பதித்த பெயர்கள் உண்டு. அவை மதிப்புமிக்க கருத்துகள். கொல்லரின் வாக்குமூலம் அல்ல. மஸமுனே என்னும் கொல்லர் செய்தவை என்று போற்றப்படும் வாள்களில் பெரும்பாலானவை கையொப்பமற்றவை என்பதை இங்கே மறக்கலாகாது.

எதிர்வாதத்துக்கு இடம் தருபவர் கொடெட்ஸு என்னும் கொல்லர். போலிகள் மலிந்த இவர் பெயரில், ‘புலி’ என்று பொருள்படும் எழுத்தின் வடிவம் 1660களில் மாறியது. அந்த மாற்றத்தால் வாளின் காலத்தைக் கணிக்க முடிகிறது. அங்கே பெயரே சான்றாகிறது என்பது உண்மைதான். ஆனால் எந்த வடிவம் முந்தியது என்று நமக்குச் சொல்லித் தந்தவை ஆண்டு பொறித்த அவருடைய வாள்களே.

பெயரை மற்றச் சான்றுகளோடு சேர்த்தே படிக்க வேண்டியிருப்பதால்தான் அடித்தண்டைத் துலக்குவது பெருங்கேடு. அரத்தடங்களின் சாய்வு, பிடியாணித் துளைகள், துருவின் நிறம் ஆகியவற்றோடு, உளிவெட்டின் உட்குழியில் படிந்த துருவையும் சுற்றியுள்ள துருவோடு ஒப்பிட வேண்டும். பழந்தண்டில் பிற்காலத்தில் சேர்த்த பெயரை அந்த ஒப்பீடு பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று மணற்தாளால் தேய்த்த தண்டில் ஒப்பிடுவதற்கு எதுவும் மிஞ்சாது.