எழுதுகோல் கற்பித்த உடற்கூறு

யாழ்ப்பாணத்துப் புத்தூரின் தோட்டங்களிலே, நீரிறைக்கும் இயந்திரங்கள் வருமுன்னர், துலா மிதித்தே பயிருக்கு நீர் பாய்ச்சினர். துலாவில் ஏறி இறங்குவோரின் கெண்டைக்காலில் தசை திரள்வதையும், பட்டை பிடிப்போரின் தோள் விரிவதையும் ஊரார் நாள்தோறும் கண்டனர். ஆயினும், கண்டதெல்லாம் அறிந்ததாகுமா? அத்தசை எவ்வென்பில் தொடங்கி எவ்வென்பில் முடிகின்றது என வினவினால் விடை கூறுவார் அரியர். காட்சியை அறிவாக்குவதற்கு எழுதுகோல் துணைபுரிந்த வரலாறு ஒன்றுண்டு.

1543ஆம் ஆண்டில் வெசாலியஸ் வெளியிட்ட உடற்கூற்று நூலில், தோல் நீங்கிய மனித உருவங்கள் நிலக்காட்சியின் நடுவே உயிருள்ளார் போல நிற்கின்றன. 1858இல் இலண்டனில் வெளியான கிரேயின் நூலுக்குப் படம் வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர், அவரும் மருத்துவரே. உறுப்பின் பெயரை அவ்வுறுப்பின் மீதே பொறித்தமையால், பெயரும் வடிவும் மாணவர் மனத்தில் ஒருங்கே பதிந்தன. பின்னர் அவர் பம்பாயிலே உடற்கூறு கற்பித்தார்.

பெயர் தமிழாயிருந்தாலன்றோ தமிழ் மாணவனுக்கு இவ்வழி முற்றும் பயன்படும்? அப்பெயர்களைத் தேடித் தொகுத்தவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன். கட்டரின் உடற்கூற்று நூலைத் தமிழாக்கிய அவர், மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் கற்பித்தார். அவருடைய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. மறு ஆண்டில் அவர் தாயகம் திரும்பினார். 1870இல் கொழும்பில் தோன்றிய மருத்துவப் பள்ளியோ ஆங்கிலத்தில் கற்பித்தது. தமிழ்வழி மருத்துவக் கல்வி தளர்ந்தது.

தமிழ்நாட்டிலே மருத்துவரும் ஓவியரும் சந்தித்த இடம் வேறொன்று. 1850இல் சென்னையில் ஓவியப் பள்ளியை நிறுவிய அலெக்சாந்தர் ஹன்டர் ஓர் அறுவை மருத்துவர். அப்பள்ளியை 1929 முதல் 1957 வரை நடத்திய தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை, 1959 முதல் மெரினாவில் நிற்கின்றது. பாறையைப் பெயர்க்கும் நால்வரின் முதுகையும் தொடையையும் நோக்குவோர்க்கு அது தசைநூற் பாடமேயாகும்.

மனித உருவம் வரையும் வகுப்பில் முதலிற் புலப்படும் உண்மை இது: ஒரு காலில் பாரத்தை ஊன்றி நிற்பவனின் இடுப்பு அப்பக்கம் உயரும், தோள் அப்பக்கம் தாழும். நூலில் நூறு முறை படித்தும் மறக்கும் இதனை, ஒருமுறை வரைந்த கை மறவாது. வரையும்போது கண் ஒவ்வொரு மூட்டிலும் நின்று, ‘ஏன் இவ்வாறு?’ எனக் கேட்கின்றது.

சித்திரப் பாடத்தை ஓய்வுவேளைப் பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் இவ்வரலாற்றை எண்ணுதல் வேண்டும். பிணவறையின் வாயிலைக் காணாத சிற்றூர் மாணவனுக்கும் ஒரு தாளும், ஓர் எழுதுகோலும், தாய்மொழியில் உறுப்பின் பெயரும் கிடைத்தால், தன் உடம்பே அவனுக்குப் பாடநூலாகும்.