வெந்நீருக்கு ஒரு வழி

எங்கள் வீட்டுக் குளியலறையில் 25 லிட்டர் பிடிக்கும் கீசர் ஒன்று இருக்கிறது. அதற்குள் தண்ணீர் போகிற குழாயில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு பித்தளைச் சமாசாரம் பொருத்தியிருக்கும். தினம் காலையில் ஸ்விட்சைப் போட்டதும் அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். எனக்குச் சொட்டுகிற சத்தம் ஆகவே ஆகாது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நடுவில் ஒரு சொட்டு. முற்றுப்புள்ளி வைக்கிற இடத்தில் இன்னொரு சொட்டு. ஆளைக் கூப்பிட்டு, சொட்டுகிற வாயை அடைக்கச் சொன்னேன். அவனும் ஒரு மூடியைத் திருகிவிட்டுப் போனான். எட்டு மாதம் நிம்மதியாக எழுதினேன்.

மார்கழியில் கீசரில் சூடு போதவில்லை என்று வேறொரு பிளம்பரை அழைத்து வந்தோம். வயதானவர், நிதானஸ்தர். அண்ணாந்து பார்த்தார். முதல் காரியமாக ஸ்விட்சை அணைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதை யார் ஸார் அடைச்சது?"

"நான்தான் அடைக்கச் சொன்னேன். சதா சொட்டிக்கொண்டே இருந்தது."

"சொட்டறதுக்குத்தானே ஸார் அதை வச்சிருக்கு!" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னைப் பல நாள் புத்தகங்களுக்குள் அலைய வைத்தது.

என் பாட்டி காலத்தில் இந்தப் பிரச்னை கிடையாது. கொல்லையில் செப்புப் பாய்லர் நிற்கும். நடுவிலே புகைபோக்கி மாதிரி ஒரு குழல்; அதற்குள் கொட்டாங்கச்சியும் கரியும் எரியும்; சுற்றிலும் தண்ணீர். மேலே மூடி சும்மா உட்கார்ந்திருக்கும். தண்ணீர் கொதித்தால் மூடி தடதடவென்று ஆடும். ஆவி தன் பாட்டுக்கு வெளியே போகும். தண்ணீர் ஊற்ற மறந்து நெருப்பு மூட்டினால் பற்று விட்டு ஒழுகும், பாட்டியிடம் திட்டு விழும். அதற்கு மேல் விபரீதம் எதுவும் கேள்விப்பட்டதில்லை. வாய் திறந்திருக்கிற பாத்திரம் கையைச் சுடுமே தவிர, வெடிக்காது. மூடி இறுகின பிறகுதான் கதையே ஆரம்பமாகிறது.

மூடியை முதலில் இறுக்கிப் பார்த்தவர்களில் ஒருவர் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர். 1679ல் லண்டனில் ராயல் சொஸைட்டி விஞ்ஞானிகளுக்கு அவர் ஒரு பானையைக் காட்டினார். ஆவி வெளியேறாமல் மூடி, எலும்பைக்கூடக் குழைய வேகவைக்கும் பானை அது. ஆவியை அடைத்தால் அது சும்மா இருக்காது என்பதும் மனுஷருக்குத் தெரிந்திருந்தது. 1681ல் அவர் வெளியிட்ட புத்தகத்திலேயே அதற்குப் பரிகாரம் இருக்கிறது: மூடியில் ஒரு துவாரம், துவாரத்தின்மேல் ஓர் அடைப்பு, அடைப்பை அழுத்திக்கொண்டு எடை தொங்கும் ஒரு நெம்புகோல். உள்ளே அழுத்தம் மிஞ்சினால் எடையைத் தூக்கிக்கொண்டு ஆவி வெளியேறிவிடும். மறு வருஷம் அந்தப் பானையில் சமைத்த விருந்தை ஜான் ஈவ்லின் முதலிய பெரியவர்கள் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள். நம் வீட்டுக் குக்கரின் தலையில் உட்கார்ந்து விசில் அடிக்கிற குண்டு பாப்பினின் எடைக்குப் பேத்திதான். அந்தக் குண்டின் சத்தம் பிடிக்கவில்லை என்று எந்தப் பெண்மணியாவது அதை அடைத்ததுண்டா? அந்த அசட்டுத்தனத்துக்கு என்னைப் போன்ற ஓர் ஆண் பிள்ளை வேண்டியிருக்கிறது.

ஆக, மருந்து கண்டுபிடித்தாயிற்று. ஆனால் நோயாளிகள் இருந்த வீட்டுக்கு அது போய்ச் சேர இருநூறு வருஷம் போதவில்லை. இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கொஞ்சம் வசதியுள்ள வீட்டுச் சமையலறைக்குப் போய்ப் பார்ப்போம். பெரிய இரும்பு அடுப்பு. நெருப்புக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், ஒரு சின்ன இரும்புப் பெட்டி, அதுதான் கொதிகலன். அதிலிருந்து இரண்டு குழாய்கள் மாடிக்குப் போகும். சுட்ட தண்ணீர் லேசாகி ஒரு குழாய் வழியே மேலே ஏறும். ஆறின தண்ணீர் மற்றதில் கீழே இறங்கும். பம்பு வேண்டாம், ஆள் வேண்டாம். கூரைக்கடியில் திறந்த தொட்டி இருப்பதால் அழுத்தமும் ஏறாது. சமைத்த நெருப்பிலேயே குளிக்கவும் வெந்நீர். கெட்டிக்கார ஏற்பாடு.

ஆனால் அங்கே ஜனவரி என்று ஒரு மாதம் வருகிறதே! இரவு அடுப்பு அணைந்துவிடும். கூரைக்கடியில் ஓடும் குழாய்களில் தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகிவிடும். விடியற்காலையில் வீட்டுக்கார அம்மாள் கம்பளிக்குள் சுருண்டிருக்கும்போது, சமையல்காரப் பெண் இறங்கி வந்து வழக்கம்போல் அடுப்பை மூட்டுவாள். பெட்டிக்குள் தண்ணீர் கொதிக்கும். மேலே போக வழி இல்லை, பனிக்கட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். கேட்ட இடம் கிடைக்காவிட்டால் இரும்பைக் கிழித்துக்கொண்டு எடுத்துக்கொள்ளும். அடுப்புக்கு எதிரே நின்ற பெண்ணின் கதி என்னவென்று நான் எழுத வேண்டியதில்லை. கடும் குளிர் வந்த வருஷங்களில் இப்படி வீட்டுக்கு வீடு வெடித்திருக்கிறது.

இதற்கு அந்நாளில் பலர் சொன்ன காரணம் வேடிக்கையானது. கொதிகலனில் தண்ணீர் வற்றிச் சிவக்கக் காய்ந்திருக்கும், அதில் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பாய்ந்ததால் வெடித்தது என்பார்கள். அதாவது, கவனித்திருக்க வேண்டியவள் கவனிக்கவில்லை. பழி வேலைக்காரியின் தலையில். இதை ஒப்புக்கொள்ளாதவர்களில் முக்கியமானவர் மான்செஸ்டரில் இருந்த லாவிங்டன் பிளெட்சர். கொதிகலன்களைப் பரிசோதிப்பதற்கென்றே ஏற்பட்ட ஒரு சங்கத்தின் தலைமை எஞ்சினியர். குழாய் அடைத்ததுதான் காரணம், ஒவ்வொரு வீட்டுக் கொதிகலனிலும் ஒரு பாதுகாப்பு வால்வு இருந்தால் இந்தச் சாவுகள் நேராது என்பது அவர் கட்சி. வால்வு ஒன்றும் குபேர சம்பத்தைக் கேட்கிற பொருள் அல்ல. பாப்பினின் பானையில் இருந்ததே, அதே சரக்குதான்.

1882ல் பார்லிமெண்டு கொதிகலன் வெடிப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. எங்கே வெடித்தாலும் அரசாங்கம் விசாரிக்கும். நல்ல சட்டந்தான். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே உள்ள கொதிகலன்களுக்கு இது பொருந்தாது என்று அதில் ஒரு விதிவிலக்கு! ஆலையில் வெடித்தால் விசாரணை. அடுக்களையில் வெடித்தால், பாவம், போதாத காலம். சட்டம் எழுதின கனவான்களில் எத்தனை பேர் தம் வீட்டு அடுப்பைத் தம் கையால் மூட்டியிருப்பார்கள்?

ஆயினும் பட்ட அடியை அந்த ஜனங்கள் மறக்கவில்லை. மேலே வாய் திறந்த குழாய் உள்ள வெந்நீர்த் தொட்டிதான் வீடுகளில் இருக்கலாம் என்று வெகுகாலம் பிடிவாதமாக இருந்தார்கள். முற்றிலும் மூடின தொட்டியை அங்கே அனுமதித்தது 1980களின் நடுவில்தான். அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட காப்புகளோடு.

'கீசர்' என்ற பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐஸ்லாந்தில் பூமியிலிருந்து வெந்நீர் பீறிட்டு அடிக்கும் ஊற்று ஒன்றின் பெயர் அது. 1868ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்ற ஓவியத் தொழிலாளி, காஸ் நெருப்பில் நொடியில் தண்ணீர் காய்ச்சும் இயந்திரம் செய்து அந்தப் பெயரை வைத்தார். அதிலும் ஒரு வழியை மறந்துவிட்டார்கள். தண்ணீருக்கு வழி இருந்தது. எரிந்த காற்று வெளியேறப் புகைபோக்கி இல்லை. காற்றோட்டம் இல்லாத அறையில் காஸ் எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குளிக்கிறவருக்குக் கொஞ்சம் தலை சுற்றும், அவ்வளவுதான். தாழ்ப்பாளைத் திறக்க எழுந்திருக்க மாட்டார். நம் நாட்டிலும் கேஸ் கீசரை ஜன்னல் சாத்திய குளியலறைக்குள் மாட்டி உயிர் போனவர்களைப் பத்திரிகையில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதை வெளியே மாட்ட வேண்டும். அல்லது அதன் புகையையாவது வெளியே விட வேண்டும்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொன்று. 1982 ஜனவரி 19 அன்று, அமெரிக்காவில் ஓக்லஹோமா மாகாணத்து ஸ்பென்ஸர் என்ற ஊரில், ஸ்டார் ஆரம்பப் பள்ளியில் குழந்தைகள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். சமையலறை வெந்நீர்த் தொட்டி வெடித்தது. ஆறு குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் இறந்தார்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி வேலை செய்யவில்லை. அது கைவிட்டாலும் காப்பாற்ற வேண்டிய வால்வு இருக்க வேண்டிய நிலையில் இல்லை. இதைப் படித்த அன்று நான் குளியலறைப் பக்கம் போகவே கூசினேன்.

எங்கள் பிளம்பரிடம் திரும்பி வருகிறேன். அவர் கணக்கை எளிதாகச் சொன்னார். 25 லிட்டர் பச்சைத் தண்ணீரை நன்றாகச் சுட வைத்தால் அரை லிட்டர் அதிகமாகும். உள்ளே வந்த தண்ணீர் திரும்பிப் போகாதபடி வால்வு தடுக்கிறது. அந்த அரை லிட்டர் எங்கே போகும்? சொட்டித்தான் ஆக வேண்டும். சுடும்போது சொட்டினால் சரி. ஸ்விட்சைப் போடாதபோதும் ஒழுகினால்தான் வால்வில் அழுக்கோ, குழாயில் அழுத்தமோ அதிகம் என்று அர்த்தம்.

"அப்படியானால் எட்டு மாதம் இது எப்படித் தாங்கியது?" என்றேன்.

அவர் வெந்நீர்க் குழாயைக் காட்டினார். வாஷர் தேய்ந்து, அது கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதையும் ஒரு நாள் ஆளைக் கூப்பிட்டு அடைத்துவிட வேண்டுமென்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், சோம்பலில் விட்டிருந்தேன்.

மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, வால்வின் வாயில் ஒரு டியூப் மாட்டித் தரைக்கு இறக்கினார். சூடு போதாததற்குக் காரணம், எங்கள் கிணற்று நீரின் உப்பு கம்பிச் சுருளின்மேல் வெள்ளையாக, விரல் கனத்துக்கு ஏறியிருந்தது, அதைச் சுரண்டினார். தொட்டி துருப்பிடிக்காமல் தான் கரைந்துகொடுக்கும் மக்னீஷியக் கம்பி ஒன்று உள்ளே உண்டாம். எங்களுடையது கரைந்து குச்சியாகிவிட்டது. புதிது போட்டார். எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொன்னார். இல்லை என்று தெரிந்து அதையும் போட்டோம். கடைசியாகக் குழாயின் வாஷரை மாற்றினார்.

இப்போது குழாய் ஒழுகுவதில்லை. வால்வு சொட்டுகிறது. டியூபின் கீழே என் மனைவி ஒரு வாளி வைத்திருக்கிறாள்.