வலக்கைக்காரரும் வலப்பக்க மூளையும்

1861 ஏப்ரலில், பாரிசை ஒட்டிய பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன்யு என்ற நோயாளி இறந்தார். இருபத்தொரு ஆண்டுகளாக அங்கேயே இருந்தவர். எதைக் கேட்டாலும் ‘தான், தான்’ என்பார். அதைத் தாண்டி அபூர்வமாக ஒரு வசவு வரும். அறுவை மருத்துவர் பால் புரோகா மண்டையைத் திறந்து மூளையைப் பார்த்தார். இடப்பக்கத்தின் முன்பகுதி சிதைந்திருந்தது.

1863க்குள் இப்படி எட்டு நோயாளிகள் சேர்ந்தனர். எட்டுப் பேருக்கும் பழுது இடப்பக்கத்தில்தான். ஆனாலும் புரோகா அவசரப்படவில்லை. பேச்சு இடப்பக்கத்து வேலை என்று 1865இல்தான் உறுதியாகச் சொன்னார், விதிவிலக்குக்கு இடம் விட்டே சொன்னார். பின்னால் வந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை. வலக்கைக்காரருக்குப் பேச்சு இடப்பக்கம், இடக்கைக்காரருக்கு வலப்பக்கம் என்று கணக்கை நேர் செய்துவிட்டார்கள்.

கணக்கு உதைத்தது. எடின்பரோ மருத்துவர் பைரம் பிராம்வெல் 1899இல் லான்செட் இதழில் எழுதிய நோயாளி இடக்கைக்காரர். வலப்பக்க உடல் செயலிழந்து பேச்சும் போயிருந்தது. உடலின் வலப்பக்கத்தை இயக்குவது இடப்பக்க மூளை; அதாவது, பழுது அங்கேதான். இதற்கு அவர் இட்ட பெயர் ‘குறுக்குப் பேச்சிழப்பு’. வேடிக்கை என்னவென்றால், அப்படிப்பட்டவர்கள்தான் இடக்கைக்காரர்களில் பெரும்பான்மை என்பது பிற்பாடு தெரிந்தது. பெயர் மெல்ல அவர்களைக் கைவிட்டு, வலப்பக்க மூளையில் பக்கவாதம் வந்து பேச்சிழந்த வலக்கைக்காரர்களுக்கே உரியதாயிற்று.

இவர்களை மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. விதியைச் சந்தேகிப்பதற்குப் பதில் நோயாளியின் கையைச் சந்தேகித்தது. சின்ன வயதில் அடித்துக் கையை மாற்றினார்களா? குடும்பத்தில் இடக்கைக்காரர் உண்டா? குழந்தைப் பருவத்தில் மூளைக் காயமா? இடப்பக்கத்தில் வேறொரு பழுது ஒளிந்திருக்கிறதா? கடைசிக் கேள்விக்குப் பிணக்கூறாய்வுதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1970களில் சி.டி. ஸ்கேன் வந்த பிறகே, உயிரோடு இருப்பவரின் இடப்பக்கம் பழுதற்றது என்று காட்ட முடிந்தது.

இதற்கிடையே ஜப்பானியரான ஜுன் வாடா, கழுத்துத் தமனி வழியே மருந்து செலுத்தி மூளையின் ஒரு பாதியை மட்டும் சிறிது நேரம் உறங்கவைக்கும் சோதனையை 1949இல் வெளியிட்டார். பேச்சு உள்ள பாதி உறங்கினால் வாய் நின்றுவிடும். மான்ட்ரியலில் வலிப்பு நோயாளிகளிடம் இதைச் செய்து ராஸ்முசனும் மில்னரும் 1977இல் தந்த கணக்கு: வலக்கைக்காரரில் 4 விழுக்காட்டினருக்குப் பேச்சு வலப்பக்கம், இடக்கைக்காரரிலோ 70 விழுக்காட்டினருக்கு அது இடப்பக்கமே.

அப்படியானால் அந்த வலக்கைக்காரர்களின் மூளை கண்ணாடிப் பிம்பம்போல் இடவலம் மாறியதா? சிலரிடம் அப்படித்தான் தெரிகிறது. பலரிடம் பேச்சு மட்டுமே இடம் மாறியிருக்கிறது. சுற்றியுள்ள வெளியைக் கவனிக்கும் வேலை வழக்கம்போல் வலப்பக்கத்திலேயே தங்கியிருக்கிறது. பக்கவாதம் அங்கே தாக்கும்போது இரண்டும் ஒருசேரப் போகின்றன. சொல் வராமல் தடுமாறுகிறவர், தட்டில் இடப்பாதியில் இருக்கும் சோற்றையும் கவனிப்பதில்லை.