விலை வீழ்ந்த வெள்ளி டாலர்

பழங்காசுகளைத் தேடிச் சேர்க்கும் மாணவர் பலர் நம்மிடையே உளர். அவர்களுள் ஒருவர் நாணய வணிகரிடம் செல்கிறார். வெள்ளிக் காசு ஒன்றைக் கையில் எடுக்கிறார். வணிகர் ஒரு விலை கூறுகிறார். அவ்விலை தகுமா, தகாதா? பழமையையே அளவுகோலாகக் கொண்டு இதற்கு விடை காண முயல்வோரே மிகுதி. அந்த அளவுகோல் பயன்படாது. உரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் காலத்துச் செப்புக் காசுகள் 1,600 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. ஆயினும் குவியல் குவியலாகக் கிடைத்தமையால் அவற்றுட் பல இன்றும் எளிய விலைக்கே விற்கின்றன. காசின் விலை எதன்மேல் நிற்கிறது என்பதை அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்றின் வரலாறு நன்கு காட்டும். அவ்வரலாற்றின் நடுவே நம் நாட்டிற்கும் ஓர் இடம் உண்டு.

1878-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு, மாதந்தோறும் பெருமளவு வெள்ளியை வாங்கி டாலராக அச்சிட வேண்டுமென ஒரு சட்டம் இயற்றியது. அதனால் மகிழ்ந்தோர் வெள்ளிச் சுரங்க உடைமையாளர்; பொதுமக்களோ அந்தப் பெருங்காசை விரும்பவில்லை. ஜார்ஜ் மார்கன் என்னும் செதுக்குநர் உருவமைத்த அக்காசின் எடை 26.73 கிராம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. அதனைச் சட்டைப்பையில் சுமந்து திரிவதைவிடக் காகித நோட்டு எளிதன்றோ! எனவே காசுகள் ஆயிரம் ஆயிரமாகப் பைகளிற் கட்டப்பட்டு, அரசின் காப்பறைகளில் உறங்கின. பிலடெல்பியா, நியூ ஆர்லியன்ஸ், சான் பிரான்சிஸ்கோ முதலிய நகரங்களின் நாணயச் சாலைகளில் அவை அடிக்கப்பட்டன. நியூ ஆர்லியன்சில் அடித்தவற்றின் பின்புறத்தில் 'ஓ' என்னும் சிற்றெழுத்தைக் காணலாம்.

முதல் உலகப் போர் வந்தது. போருக்கு வேண்டிய பொருள்களை இந்தியாவில் வாங்கிய ஆங்கில அரசு, அவற்றிற்கு ரூபாயாக விலை கொடுக்க வேண்டியிருந்தது. நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் பெற மக்கள் திரண்டனர். 1917-இன் இறுதியில் ஒரு ரூபாய்க்கும் நோட்டு அச்சிட நேர்ந்ததென்றால் வெள்ளித் தட்டுப்பாட்டை நாம் உணரலாம். அந்நெருக்கடியில் பிரிட்டன் அமெரிக்காவின் உதவியை நாடியது. 1918 ஏப்ரலில் 'பிட்மன் சட்டம்' நிறைவேறியது. அச்சட்டத்தின்படி உருக்கப்பட்ட டாலர்கள் 27,02,32,722. அவற்றுள் ஏறத்தாழ 26 கோடிக் காசுகளின் வெள்ளி இந்தியாவிற்காக விற்கப்பட்டு, இங்கே ரூபாய் ஆயிற்று.

எத்தனை காசுகள் உருகின என்பதைக் கடைசி எண்வரை எழுதி வைத்தனர். எந்த ஆண்டுக் காசுகள், எந்த நகரத்துக் காசுகள் உருகின என்பதை எழுதி வைத்தார் இலர். நாணயச் சேகரிப்பாளரைப் பிற்காலத்தில் ஏமாற்றியது இந்தச் சிறு குறையே.

1903-ஆம் ஆண்டில் நியூ ஆர்லியன்சில் அடிக்கப்பட்ட டாலர்கள் 44,50,000. ஆயினும் பின்வந்த சேகரிப்பாளர் கைக்குக் கிட்டியவை மிகச் சிலவே. ஏனையவெல்லாம் 1918-இல் உருகிப்போயின என அவர்கள் முடிவு செய்தனர். 1962 அளவில், புழங்காத நிலையிலுள்ள இக்காசொன்றுக்கு விலைநூல் குறித்த மதிப்பு 1,500 டாலர். அவ்வாண்டின் பிற்பகுதியில், வெள்ளி டாலர் வேண்டுமென்று வங்கிகள் கேட்டமையால், பிலடெல்பியாவில் நெடுங்காலம் முத்திரையிட்டுக் கிடந்த காப்பறை ஒன்று திறக்கப்பட்டது. அதிலிருந்து 1903-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் டாலர்கள் பை பையாக வெளிவந்தன. ஒரு டாலர் நோட்டைக் கொடுத்தவர் அக்காசு ஒன்றைப் பெற்றுச் சென்றார். விலை 30 டாலர் அளவிற்குச் சரிந்தது. பின்னர் அது சில நூறு டாலர்வரை ஏறியதுண்டு. ஆனால் பழைய பெயர் திரும்பவில்லை.

1,500 டாலர் கேட்ட வணிகர் பொய்யர் அல்லர். அவரும் மற்றவர் நம்பியதையே நம்பினார். எனினும், "44 லட்சத்திற்கு மேல் அடித்தார்களே, அவை உருகியதற்குச் சான்று என்ன?" என்று வாங்குவோர் கேட்டிருந்தால், அதற்கு விடை இருந்திராது. அவ்விலை ஊகத்தின்மேல் நின்றது.

இதனோடு 1893-ஆம் ஆண்டுச் சான் பிரான்சிஸ்கோ டாலரை ஒப்பிட்டுப் பாருங்கள். அடிக்கப்பட்டவையே ஒரு லட்சந்தான். எந்தக் காப்பறையைத் திறந்தாலும் அத்தொகை பெருக வழியில்லை. ஆகவே 1962-இன் வெள்ளத்திலும் அதன் விலை அடித்துச் செல்லப்படவில்லை. ஆனால் இங்கே வேறோர் இடர் உண்டு. அதே ஆண்டுப் பிலடெல்பியாக் காசில் 'எஸ்' என்னும் எழுத்தை ஒட்டவைத்து விற்போர் உளர். புழக்கத்திற்கென அடித்த மெய்யான காசுகளின் முகப்பு முழுவதும் ஒரே அச்சிலிருந்து வந்தது. ஆண்டு எண்ணின் இருப்பிடமும் எழுத்துகளிலுள்ள நுண்கீறலும் மாறுவதில்லை. அதனை அறிந்தவர் உருப்பெருக்கியால் போலியைப் பிரித்தறிவர். அறியாதவர் அத்தகைய காசை வாங்காதிருப்பதே நன்று.

வணிகரிடம் கேட்கத்தக்க வினா மற்றொன்றும் உண்டு. "இதே காசை நாளை நான் கொண்டுவந்தால் நீங்கள் என்ன தருவீர்கள்?" என்பதே அது. கடை வாடகையும் ஊதியமும் கருதி அவர் சற்றுக் குறைத்துச் சொல்வது இயல்பு. பாதிக்கும் கீழே இறங்கினால், சொன்ன விலையை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டு ரூபாய்களிலும் இருவகையையும் காணலாம். 1911-ஆம் ஆண்டு ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் அரசரின் மேலாடையில் உள்ள யானை, பன்றிபோல் தோன்றியமையால் முஸ்லிம் மக்கள் வருந்தினர். அடித்த 94 லட்சத்தில் வெளிவந்தவை 7 லட்சமே என்பர், ஏனையவை உருக்கப்பட்டன. அதற்கு வெள்ளியின் விலைக்குமேல் கொடுக்கக் காரணம் இருக்கிறது. 1918-ஆம் ஆண்டு ரூபாயோ கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. அதிலுள்ள வெள்ளி அமெரிக்க டாலராக இருந்த வெள்ளியாகவும் இருக்கலாம். அந்தக் கதைக்காக விலை ஏறுவதில்லை. எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது சற்றேறக்குறைய 10.69 கிராம். அன்றைய வெள்ளி விலையால் அதனைப் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கடைக்குள் நுழையலாம்.