தொண்டர் என்னும் பெயர்: ஊரக நலப் பணியாளர் வரலாற்றில் ஒரு சொல்லாராய்ச்சி

தமிழில் ‘தொண்டு’ என்னும் சொல் பத்திமைப் பணியையும் அடிமைப் பணியையும் ஒருங்கே குறிக்கும். ஊதியம் கருதாமை இரண்டிற்கும் பொது. இந்திய ஊரக நலவாழ்வுத் திட்டங்களின் வரலாற்றை நோக்குமிடத்து, இவ்விரட்டைப் பொருள் வெறும் அகராதிச் செய்தியன்று என்பது புலனாகும்.

1977 அக்டோபர் 2ஆம் நாள் ஜனதா அரசு ‘சமுதாய நலப் பணியாளர்’ திட்டத்தைத் தொடங்கியது. ஆயிரம் பேருக்கு ஒருவர். மூன்று மாதப் பயிற்சி. திங்களுக்கு 50 ரூபாய் மதிப்பூதியம். பணியாளரை ஊரே தெரிவு செய்தல் வேண்டும் என்பது விதி. தெரிவானவருள் பெரும்பாலோர் ஆண்கள். ஆயின் பணியாளர் என்ற பெயர் நெடுநாள் நிலைக்கவில்லை. 1980இல் ‘தொண்டர்’ எனவும், 1981இல் ‘கிராம நல வழிகாட்டி’ எனவும் அது மாறிற்று. பணியாளர் எனின் ஊதியம் கேட்கும் உரிமை எழும். தொண்டர்க்கு அது எழாது. பெயர்மாற்றத்தின் உட்கிடை இதுவெனக் கருத இடமுண்டு.

இதற்கு முன்பே, 1970இல், மகாராட்டிரத்து ஜாம்கேடில் மருத்துவ இணையரான ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே ஆகியோர் வேறொரு வழியைக் கண்டிருந்தனர். அங்குப் பயிற்சி பெற்றவர் எழுத்தறிவற்ற பெண்கள் பலர். தீண்டாமைக்கு ஆளான சாதியினரும் அவருள் அடங்குவர். மகப்பேறு பார்த்தல், வயிற்றுப்போக்கிற்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் தருதல் முதலியவற்றை அவர்கள் கற்றனர். படிப்பின்மை தடையன்று என்பதை மெய்ப்பித்த முயற்சி இது. அவர்களுக்கும் மாதச் சம்பளம் இல்லை என்பதை மறைத்தலாகாது.

2005இல் தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் தோற்றுவித்த ‘ஆஷா’ பணியாளர் அனைவரும் பெண்கள். அவ்வூரிலேயே வாழ்பவராய், மணமானவர், கைம்பெண் அல்லது மணமுறிவுற்றவராய், 25 முதல் 45 அகவைக்குட்பட்டவராய் இருத்தல் வேண்டும். எட்டாம் வகுப்புக் கல்வியும் எதிர்பார்க்கப்பட்டது. கருவுற்றாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல், குழந்தைகளுக்குத் தடுப்பூசி இடச் செய்தல் என ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியே ஊக்கத்தொகை. நள்ளிரவில் பேறுகால வலியுற்றவளுடன் செல்பவளை ‘ஆர்வலர்’ என்பது எவ்வகை மொழி வழக்கோ!

தெலங்கானாவில் இப்பெண்கள் 2015இல் நூறு நாள்களுக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தனர். 2017இல் மாதம் 6,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2022இல் உலக நலவாழ்வு நிறுவனம் ஆஷா பணியாளரைச் சிறப்பித்து விருது வழங்கியது. விருது பெற்ற பின்னும் அவர்கள் அரசு ஊழியராகக் கொள்ளப்படவில்லை.

தமிழகத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் அரசு ஊதியம் பெறுபவர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நீரிழிவு, குருதி அழுத்த மாத்திரைகளுடன் வீடு தேடிச் செல்லும் மகளிரோ சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு அரசு இட்ட பெயர் ‘தன்னார்வலர்’.